ஆமான்னு சொல்லிடுப்பா

போன வாரம், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மேலான வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் வராந்தாவில், புதிதாக வந்த வக்கீல் தம்பி ஒருவர் ஒரு பையனிடம் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆமான்னு சொல்லிடுப்பா, இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்." பையன் அவரைப் பார்க்கவே இல்லை. சட்டை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றான். எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தையைச் சொன்னவள்.

பிடிபட்ட பிள்ளைக்கு விலங்கு போடக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் வக்கீல்கள் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டிசம், வலிப்பு, அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளின் வழக்கில் நாம் கோட்டை விடுவது வேறு இடங்களில்.

"ஆமா"வை நம்புவது

என் வழக்கில் பையனுக்குப் பதினைந்து வயது. பெரிய பையன்கள் இரண்டு பேர் பைக்கைத் திருடிவிட்டு, தள்ளிக்கொண்டு வர இவனை விட்டிருந்தார்கள். சின்னக் குற்றம்தான், ஒத்துக்கொண்டால் அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். "நீ செஞ்சியாப்பா? இல்லையா, ஆமாவா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றான். அன்றே முடிந்தது.

வெளியே டீக்கடையில் கேட்டேன்: "டீயா, பாலா?" "பாலு." ஏதோ உறுத்த, மாற்றிக் கேட்டேன்: "பாலா, டீயா?" "டீ." அவன் அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "கடைசியா என்ன கேக்குறமோ அதைத்தான் சொல்லுவான் மேடம்." கையில் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த அம்மாவிடம் காலையிலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 24ஆம் பிரிவில், இப்படிப்பட்ட முடிவால் பிள்ளைக்குத் தகுதியிழப்பு வராது என்கிறது. ஆனால் தெரு அந்தப் பிரிவைப் படித்ததில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எந்த வண்டி காணாமல் போனாலும் போலீஸ் முதலில் தட்டியது அவர்கள் வீட்டுக் கதவைத்தான். இன்றும் அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

எனவே, ஒரே கேள்வியை முன்பின்னாக மாற்றி இரண்டு முறை கேட்கும்படி குழுமத்திடம் கேளுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தை மாற்றுத்திறனாளியாக இருந்தால், அதன் வாக்குமூலத்துக்குச் சிறப்பாசிரியரையோ அதன் பேச்சுமுறை பழகியவரையோ துணைக்கு வைத்துக்கொள்ள, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் வழி செய்கிறது. குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்கும் அதையே கேட்டு மனு போடுங்கள்; நீதி கேட்பதில் பாகுபாடு கூடாது என்னும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் பிரிவு கைகொடுக்கும்.

மாத்திரைச் சீட்டு

விசாரணை முடியும்வரை பிள்ளையை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அவன் போகும் அதே வண்டியில் இந்தச் சீட்டும் போக வேண்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

"மன வயது ஆறுதான்" என்ற வாதம்

எடுபடாது. சட்டம் பார்ப்பது பிறந்த தேதியை. போக்சோ வழக்கு ஒன்றிலும் உச்ச நீதிமன்றம் 2017இல் இதையேதான் சொன்னது.

ஐ.க்யூ. எண்ணை மட்டும் நீட்டுவது

பதினாறு முடிந்த பிள்ளை மேல் கொடுங்குற்ற வழக்கு என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்புவதா என்பது அதில்தான் முடிவாகும். குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்பவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நிபுணருக்கு எண் போதாது. விளைவு புரியுமா, யார் சொன்னால் கேட்பான், பயந்தால் என்ன செய்வான் என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

வராந்தாத் தம்பியைத் தனியே கூப்பிட்டு, அந்த அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னேன்: பிடிக்காததை இவன் எப்படிச் சொல்வான்?

"சொல்ல மாட்டான் சார்," என்றார் அந்த அம்மா. "சட்டை நுனியைச் சுத்துவான்."