அட்டமியில் இறங்குங்கள்: மதுரைக்காரர்களுக்கு ஒரு முன்கோடை முக்குளிப்புக் குறிப்பு

தூத்துக்குடிக் கடலில் உள்ள செயற்கைப் பாறைகளை (மீன் பெருகக் கடலடியில் இறக்கப்பட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை) பார்க்கக் கிளம்பும் மதுரைக்காரர்கள், சித்திரைத் திருவிழா விடுமுறையிலேயே அதற்கும் நாள் குறித்துவிடுகிறார்கள். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியில். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றவற்றம் கூடுவதால், மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் வலுத்து, அடிமண் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும். நல்ல காரியத்துக்கு ஆகாதென்று நாம் ஒதுக்கும் அட்டமி, நவமியும் அடுத்த ஓரிரு நாட்களுமே முக்குளிப்பவருக்கு உகந்தவை. ஆகவே அழகரைச் சேவித்துவிட்டு ஒரு வாரம் பொறுத்திருங்கள்.

பங்குனியும் சித்திரையும் வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று இன்னும் வலுக்காத இடைவெளி. அதிலும் காலைப்பொழுதே நமக்குரியது. நண்பகல் நெருங்கக் கடற்காற்று எழுந்துவிடும். மதுரையிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. என்பதால் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டால் விடியலில் படகேறலாம். (புறப்படுமுன் கறிதோசை வேண்டாம், ஒருமுறை அதைச் சாப்பிட்டுவிட்டுப் படகேறிய நான் கடலில் இறங்கவே இல்லை.) காற்றில்லாத கடல் தெளிந்த கடல் என்றும் எண்ணிவிடக் கூடாது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் நெடிய அலைகள் இந்த மாதங்களில் சொல்லாமல் கொள்ளாமல் கரைக்கு வந்து சேரும். கள்ளக்கடல் எனப்படும் இதற்கு ஐதராபாத்தின் இன்காய்ஸ் (INCOIS) கடல்சார் தகவல் மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்த்த பின், முந்தின நாள் கடலுக்குப் போய்வந்த சங்கு குளிப்பவர் எவரிடமாவது தெளிவு எப்படி என்று கேளுங்கள்; என் அனுபவத்தில் அதைவிட நம்பகமான தகவல் இல்லை.

இடத்தை அடைந்ததும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடியில் ஈயக்குண்டு கட்டி, அரைப் பாகத்துக்கு (ஒரு பாகம் என்பது சுமார் ஆறடி) ஒரு முடிச்சிட்ட கயிற்றில் மெல்ல இறக்குங்கள். இரண்டு பாகத்துக்குள் மூடி கண்ணுக்கு மறைந்தால் திரும்பிவிடுவதே மேல். கயிறு நேராகத் தொங்காமல் சாய்ந்து இழுபட்டால் நீவாடு இருக்கிறது. எந்தத் திசையில் என்றும் அதுவே காட்டும். மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பவை என்பதால், பாறையின் ஓட்டம் மோதும் பக்கத்தில் அவற்றைத் தேட வேண்டும். இளைப்பாற எதிர்ப்பக்கத்து மறைவு உதவும். கான்கிரீட் விளிம்புகளில் அறுந்த வலைகள் சிக்கியிருக்கும். ஒரு கையால் எடுக்கும்படி சிறு கத்தி உடம்பில் இருக்கட்டும். துளைகளுக்குள் தலையை நுழைக்காதீர்கள்.

ஈட்டித் துப்பாக்கியைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 21 தீவுகளைக் கொண்டு 1986இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் வேட்டைக்கு இடமில்லை. கடலரிப்பிலிருந்து காக்கச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்ட வான் தீவும் அதில் அடங்கும். பூங்காவுக்கு வெளியே உள்ள பாறைகள் மீனவக் கிராமங்களின் வாழ்வாதாரம் என்பதால், ஊராரின் இசைவின்றி அங்கும் ஈட்டியை எடுக்கலாகாது. இசைவு கிடைத்தாலும் பெரிய கலவாவை விட்டுவிடுங்கள். கலவா பெண்ணாகப் பருவமடைந்து பின்னரே ஆணாக மாறுவதால், பெரியதைக் குத்தினால் அந்தப் பாறையின் ஆண்மீனே போய்விடக்கூடும். மூச்சடக்கி இறங்குபவர்கள் ஒருவர் அடியில் இருக்கும்போது மற்றவர் மேலிருந்து கண்ணெடுக்காமல் கவனிக்க வேண்டும்.

சிலிண்டருடன் முக்குளித்தவர்கள் உடனே கொடைக்கானல் ஏறக் கூடாது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், உடலில் தங்கிய நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிந்து துன்புறுத்தும். ஒருமுறை மட்டும் முக்குளித்திருந்தால் 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்திருந்தால் 18 மணி நேரமும் குறைந்தபட்ச இடைவெளி. மதுரை விமான நிலையத்தில் விமானம் ஏறுவதற்கும் இதே கணக்குத்தான். இரண்டையும் ஒரே விடுமுறையில் முடிக்க விரும்பினால், மலையை முதலிலும் கடலைப் பின்னாலும் வைத்துக்கொள்ளுங்கள்.