ராசிக் கவுண்டியை நம்பி எழுதாதீர்கள்

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால் செய்தி அறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், நான் அடித்த அதே கூத்தை அடிக்கிறார்கள்: எப்போதும் ஜெயிப்பவருக்கே ஓட்டுப் போடும் கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) அல்லது மாநிலத்தை ராசி என்று நம்பி, முடிவை முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியான தேர்வாளர் ஓட்டு, அது மொத்தம் 538, ஜெயிக்க 270 என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விடுங்கள்.

யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்ப்பது

என்னைக் கவிழ்த்தது இதுதான். இந்தியானா மாநிலத்தின் வீகோ கவுண்டி, 1888 முதல் 2016 வரை அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டே முறைதான் தவறியது: 1908, 1952. 2020 நவம்பர் 4 காலை அங்கே டிரம்ப் முன்னிலை. 1964 முதல் தவறாத ஓஹாயோ மாநிலமும் அவருக்கே போனது. ‘மீண்டும் டிரம்ப்’ என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். மறுநாள் பேப்பரில் வந்தது. சனிக்கிழமை இரவு பைடன் ஜெயித்துவிட்டார்.

இன்னும் எரிச்சல் என்னவென்றால், விடை பழைய கணக்கிலேயே இருந்தது. 2012-இல் ஒபாமா நாடு முழுக்க ஏறக்குறைய 4 சதவீதப் புள்ளி முன்னிலை, ஓஹாயோவில் 3. இரண்டுக்கும் வித்தியாசம் 1 புள்ளிதான். 2016-இல் டிரம்ப் அதிபரானாலும், நாடு முழுக்க மொத்த ஓட்டில் 2 புள்ளி பின்தங்கினார். ஓஹாயோவில் 8 புள்ளி முன்னிலை. வித்தியாசம் 10! வீகோவில் இன்னும் மோசம், அங்கே அவர் முன்னிலை ஏறக்குறைய 15. ராசி தப்பவில்லை, ஆனால் நாட்டோடு இருந்த ஒட்டு எப்போதோ விட்டுப்போயிருந்தது. 2020-இலும் ஓஹாயோவில் அதே 8 புள்ளிதான். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா, அரிசோனா, ஜார்ஜியா ஆகிய ஐந்து மாநிலங்கள்தான் கட்சி மாறின.

இப்போது என் நோட்டில் ‘வித்தியாசம்’ என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. அது நிரம்பாமல் ஒரு வரி எழுதுவதில்லை.

‘நூலிழையில் தப்பியது’ என்று சமாதானம் சொல்வது

1904 முதல் 2004 வரை மிசௌரி மாநிலம் தவறியது 1956-இல் மட்டும். 2008-இல் 4,000-க்கும் குறைவான ஓட்டில், தோற்ற மெக்கெய்ன் பக்கம் போனது. அடுத்த முறை திரும்பிவிடும் என்றார்கள். 2012-இல் அங்கே, மறுபடி தோற்ற வேட்பாளரான ராம்னிக்கு 9 புள்ளி முன்னிலை.

பழமொழியை நம்புவது

‘மெய்ன் எப்படியோ நாடும் அப்படியே’ என்பார்கள். 1936-இல் ரூஸ்வெல்ட் தோற்றது இரண்டே மாநிலங்களில், ஒன்று மெய்ன்.

ராசி தப்பினால் மோசடி என்பது

இல்லை. வித்தியாசக் கட்டத்தைப் பாருங்கள்.

மிச்சமிருக்கும் ஒன்றைக் கொண்டாடுவது

கவுண்டிகள் 3,100-க்கு மேல். அத்தனைக்கும் பத்து முறை காசு சுண்டினாலே, பத்தும் சரியாக விழும் கவுண்டி சுமார் மூன்று தேறும். 1980 முதல் 2016 வரை பத்துத் தேர்தலிலும் தவறாதவை 19 கவுண்டிகள். 2020-இல் தேறியது வாஷிங்டன் மாநிலத்தின் கிளாலம் மட்டும். உடனே அதற்கு மாலை மரியாதை.

2024-இல் ஒரு பையன் ஓடி வந்தான். “சார், கிளாலம் ஹாரிஸுக்குப் போயிடுச்சு! தலைப்பு போட்டுடவா?”

“வித்தியாசம் எவ்வளவு?” என்றேன்.

முழித்தான். அன்று ஜெயித்தது டிரம்ப்.