ராணி காசா, இரங்கல் பதக்கமா? வீட்டிலேயே கண்டறியும் முறை

அம்மம்மாவின் கொட்டப்பெட்டிக்குள் கிடந்த கறுத்த வட்டத் தகட்டை எங்கள் வீட்டில் எல்லோரும் "ராணி காசு" என்றே சொல்லி வந்தோம். அது காசே அல்ல. 1901இல் விக்டோரியா மகாராணி இறந்தபோது வெளியான நினைவுப் பதக்கம். உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் அப்படி ஒன்று கிடந்தால், இந்த வரிசையில் பாருங்கள்.

முதல் வேலை, ஒன்றும் செய்யாதிருப்பது. புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது குத்துவிளக்குக்குச் சரி. பதக்கத்துக்கு அது கேடு. அந்தக் கருமை நூறாண்டுக் காற்றில் உலோகத்தின் மேல் படிந்தது. துலக்கினால் அதோடு மெல்லிய எழுத்துகளும் தேய்ந்துவிடும்.

அடுத்து, காசா என்று பாருங்கள். "சதம்" போன்ற பெறுமதி பொறித்திருந்தால் அது நாணயம். பதக்கத்தில் பெறுமதி இராது.

இனி எழுத்துகளை வாசியுங்கள். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விட்டு எழும். 1837, 1897 என்று இருந்தால் அது ஆட்சியின் வைரவிழாப் பதக்கம். 1819, 1901 என்று பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் சேர்ந்திருந்தால் இரங்கல் பதக்கம். "ஒபியிட்" என்ற இலத்தீன் சொல்லுக்கு "இறந்தார்" என்று பொருள். ஆண்டு ரோம இலக்கத்திலும் இருக்கலாம்: எம் என்றால் 1000, சி, எம் சேர்ந்தால் 900, ஐ என்றால் 1, ஆக 1901. கடைசியில் ஐ இருக்கும் இடத்தில் எக்ஸ் இருந்தால் 1910, ஏழாம் எட்வேர்ட் இறந்த ஆண்டு. அவர் இளவரசராக 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாகத்தான் நமது யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. அந்தப் பதக்கம் கிடைத்தால் ஒருமுறை கோபுரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஐந்தாம் ஜோர்ஜ் 1936இலும் ஆறாம் ஜோர்ஜ் 1952இலும் மறைந்தார்கள். 1952இலும் இலங்கைக்கு அவரே மன்னர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உலோகத்தை அறிய கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்கு ஓட வேண்டாம். உரைகல்லில் தேய்த்தால் வடு நிற்கும். சிறிய மின்தராசு போதும். பதக்கத்தை நிறுத்து எடையைக் குறியுங்கள். பிறகு தண்ணீர்க் கிளாஸைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பதக்கத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் முழுவதும் அமிழ்த்துங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். 31 கிராம் பதக்கம் 3 கிராம் காட்டினால் விடை 10.3, அது பெரும்பாலும் வெள்ளி. 9க்கு அருகே வந்தால் வெண்கலம் அல்லது செம்பு, 7க்கு அருகே என்றால் வெள்ளீயக் கலவை. முடிந்ததும் மென்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது.

உப்புக்காற்று படாதபடி காகித உறையில் வையுங்கள். வைக்கும் முன், வெறும் உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், அவர்கள் அதை என்னவென்று அழைத்தார்கள். எங்கள் உறையில் "அம்மம்மாவின் ராணி காசு" என்றே எழுதியிருக்கிறேன்.