பால் காய்ச்சுவோம், பாய் சுருட்டுவோம்: பிள்ளைகளின் முதல் வாக்கியங்கள்

ஐந்து வயதுப் பிள்ளையிடம் சமையலறைப் பொருள்களின் பெயரைக் கேட்டால் கரண்டி, தட்டு, தம்ளர், குக்கர் என்று தடையில்லாமல் சொல்லிவிடும். அவற்றைக் கொண்டு என்ன செய்கிறோம் என்று கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. காய் 'கட் பண்றாங்க', துணி 'வாஷ் பண்றாங்க', வீடு 'க்ளீன் பண்றாங்க' என்று எல்லா வேலையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. பெயர்ச்சொற்களை மட்டும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது, இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்த எனது உறுதியான எண்ணம். பொருளின் பெயரோடு அதற்குரிய வினையையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தால், சொல்லைக் கற்கும்போதே வாக்கியத்தில் பாதி கைக்கு வந்துவிடுகிறது.

இத்தகைய வினைகளுக்குத் தமிழில் குறைவில்லை. பால் காய்ச்சுகிறோம், அரிசி களைகிறோம், சோறு வடிக்கிறோம், மாவு சலிக்கிறோம், கடலை வறுக்கிறோம், அப்பளம் பொரிக்கிறோம், இட்லி அவிக்கிறோம். அடுக்களையை விட்டு வெளியே வந்தால் துணி துவைக்கிறோம், வீடு பெருக்குகிறோம், பாய் விரிக்கிறோம், விடிந்ததும் அதைச் சுருட்டுகிறோம். வாரத்துக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, ஆறேழு இணைகளை மட்டும், அந்த வேலை நடக்கும் நேரத்திலேயே சொல்லிக்கொடுங்கள். அரிசி களையும்போது பிள்ளையின் கையைத் தண்ணீருக்குள் விடச் செய்து, கழுநீர் வெள்ளையாகக் கலங்குவதைப் பார்க்க வைத்து, 'களைகிறோம்' என்று ஒருமுறை சொன்னால் போதும். படஅட்டையால் அந்த அழுத்தத்தைத் தர முடியாது. உங்கள் ஊரில் வீட்டைப் பெருக்குவதைக் 'கூட்டுவது' என்று சொன்னால் அந்தச் சொல்லையே கொடுங்கள்.

எழுதத் தொடங்குவதற்கு 247 எழுத்துகளும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அகர உயிர்மெய்யும் புள்ளி வைத்த எழுத்தும் தெரிந்தாலே பழம், படம், மஞ்சள், வடகம், பம்பரம் ஆகியவற்றை எழுதிவிடலாம். உயிரெழுத்தில் 'அ' ஒன்று சேர்ந்தால் அப்பளமும் வந்துவிடும். இவற்றில் பம்பரத்தை நான் தனியாகச் சொல்வேன். அதில் 'ப' இரண்டு முறை வருகிறது, இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சொல்லின் முதலில் உதடு அழுத்தமாக வெடிக்கிறது. மகரமெய்க்குப் பின்னால் மென்மையாகிவிடுகிறது. எழுத்து ஒன்றுதான், இடம் மாறினால் ஒலி மாறும் என்பதை இந்த ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்ல வைத்தே புரியவைக்கலாம்.

முதல் வாக்கியம் மூன்று சொற்களில் இருக்கட்டும்: யார், எது, என்ன செய்தார். 'அம்மா பால் காய்ச்சினார்.' 'தாத்தா பாய் சுருட்டினார்.' இங்கே 'ஐ' உருபு தேவையில்லை என்பது பெரிய வசதி. பால், பாய் என்று பிள்ளைக்குத் தெரிந்த வடிவமே அப்படியே நிற்கிறது. இரண்டு மாதம் இப்படி எழுதிப் பழகிய பிறகு பாலை, பாயை என்று உருபைச் சேருங்கள். வீடு 'வீட்டை' ஆவதும், குடம் 'குடத்தை' ஆவதும் அதற்கும் பிறகுதான். 'கதவைத் திறந்தான்' என்னும்போது நடுவில் வரும் 'த்' எதற்கு என்று பிள்ளை கேட்டால், விதியைச் சொல்லாமல் இரண்டு முறை அழுத்திப் படித்துக் காட்டினாலே போதும்.

உண்மையான சிரமம் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கிறது. பிள்ளை 'அம்மா பால் காச்சினாங்க' என்று சொன்னதும் தப்பு என்று தடுத்துவிட்டால், அடுத்த முறை வாயே திறக்காது. அது சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டு, 'எழுதும்போது இதைக் காய்ச்சினார் என்று எழுதுவோம்' என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பேசுவதற்கு ஒரு வடிவமும் எழுதுவதற்கு ஒரு வடிவமும் உண்டு என்பதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

எழுத்துப் பிழைகளுக்கும் வீட்டிலேயே மருந்து உண்டு. மாவை அரைப்பதற்கு இடையின 'ர', நாம் படுக்கும் அறைக்கு வல்லின 'ற'. சுவரில் ஓடுவது பல்லி, காலையில் போவது பள்ளி. அடுப்புக்குக் கரி, குழம்புக்குக் கறி. இணை இணையாக, பொருளைத் தொட்டுக் காட்டிச் சொன்னவை மறப்பதில்லை.

இரட்டைக் கோட்டு நோட்டு ஒன்றை இதற்கென்றே வைத்து, அன்று வீட்டில் நடந்ததைப் பற்றி நாளுக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை, யாரைப் பற்றி எழுதியதோ அவரிடமே இரவில் படித்துக் காட்டட்டும். என் மகள் ஆறு வயதில் ஒருநாள் 'பாட்டி மள்ளிகை தொடுத்தார்' என்று எழுதினாள். அந்த 'ள்'ளைத் திருத்த நான் பென்சிலை எடுப்பதற்குள் பாட்டியிடம் ஓடிப் படித்துக் காட்டிவிட்டாள். பாட்டி எழுத்தைப் பார்க்கவே இல்லை. "நான் தொடுத்தது மல்லி இல்லடி, கனகாம்பரம்" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து முழுச் சொல்லையும் அழித்துவிட்டு, க, ன, கா என்று ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதி முடித்தாள்.