கச்சான் அடிக்கும் ஊரிலிருந்து பனி மலைக்கு

சுவிஸிலிருந்து லீவில் திருகோணமலை உப்புவெளிக்கு வந்திருக்கிறேன். ஐப்பசியில் சுவிஸ் மலைப்பக்கம் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணா, எவ்வளவு குளிரும்?" என்று கேட்டார். குளிரை உடுப்பால் சமாளிக்கலாம். எனக்குப் பயம், திடீரென்று சூடாகும் நாட்களைப் பற்றித்தான்.

இப்போது வெளியில் கச்சான் அடிக்கிறது. மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, மலையிறங்கும்போது சூடேறிக் காய்ந்து திருகோணமலைக்கு வரும் காற்று இது. ஆல்ப்ஸ் மலையிலும் இதே வகைக் காற்று உண்டு; பெயர் ஃபொன். நடுக் குளிர்காலத்திலும் அது வீசினால் ஒரே நாளில் வெப்பநிலை பத்துப் பாகைக்கு மேல் ஏறிவிடும். அப்பாடா என்றிருக்கும். ஆனால் அன்றைக்குத்தான் சரிவில் கிடக்கும் பனி நனைந்து, பாரமாகி, இளகும். உருகிய தண்ணீர் இரவில் வீதியில் கண்ணாடியாக உறையும். முதல் வருஷம், அப்படியொரு விடியற்காலை பஸ்ஸுக்கு ஓடி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். தரை வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. கறுப்பாகப் பளபளத்தால், முழுப் பாதத்தையும் ஊன்றிச் சின்னச் சின்ன அடியாக நடவுங்கள். கைகள் சட்டைப்பைக்கு வெளியே இருக்கட்டும்.

இப்படிப் பனி திரளாகச் சரிந்து விழும் பனிச்சரிவின் ஆபத்தை 1 முதல் 5 வரை சொல்வார்கள்; 5தான் உச்சம். தாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை விடும். 3 என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்காதீர்கள். நிறைய உயிர்கள் போவது அந்த 3இல்தான். காற்றைப் பார்க்காமல் நம் ஆட்கள் வள்ளம் இறக்குவார்களா? மூடிய பாதையில் யாரோ நடந்த தடம் இருந்தாலும் போக வேண்டாம். அம்புலன்ஸுக்கு 144, மலை மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414. இன்றைக்கே ஃபோனில் போட்டு வையுங்கள்.

சரி, உடுப்பு. பருத்தி பெனியன் வேர்வையில் நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி போடுங்கள். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டால் விரல் விறைத்துவிடும். வெயில் நாளில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம், புதுப்பனி கண்ணைக் கூசவைக்கும். தடித்த ஜாக்கெட்டை இங்கே தேடாதீர்கள். அங்கே ப்ரொக்கி என்ற பழைய சாமான் கடைகளில் நல்லது மலிவாகக் கிடைக்கும்.

பெட்டியில் மிஞ்சும் இடத்தில் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் வையுங்கள். காய்ந்த குளிரில் உதடும் கையும் வெடிக்கும். எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தால் கெட்டுவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் இளகிவிடும்.