பங்க் பெட் டிரெய்லர் வாங்கும் முன்னால் எடையைப் பாருங்கள்

அமெரிக்காவில் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீட்டையும் டிரெய்லர் என்பார்கள், அதில் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கிற கட்டில்தான் பங்க் பெட். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். டிரெய்லர் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு சென்னைத் துறைமுக ஜீரோ கேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச்சாலை நெடுக வரிசை கட்டி நிற்கிற 40 அடி கன்டெய்னர் வண்டிதான். அப்பா அதைத்தான் ஓட்டினார், நான் அதே தொழிலில் கணக்கு வழக்கு பார்க்கிறேன். அதனால் டெக்சாஸில் இருக்கிற தம்பி போன வருடம் கூப்பிட்டு, "அண்ணே, கேம்பிங் போக ஒரு டிரெய்லர் வாங்கப் போறேன், பின்னாடி பசங்களுக்கு பங்க் பெட், மொத்தம் பத்து பேர் படுக்கலாம்னு போட்டிருக்கான்" என்று குஷியாகச் சொன்னபோது, எவ்வளவு எடை, எந்த வண்டி இழுக்கப் போகிறது என்றுதான் கேட்டேன். ஆள் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு கணக்குப் போடும் வரைதான். அங்கே இருக்கிற நம் ஆட்களில் நிறையப் பேர் இப்போது இதை வாங்குகிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

விற்கிறவர் உங்கள் வண்டி 9,000 பவுண்டு இழுக்கும் என்பார். அது பொய் இல்லை, ஆனால் அதற்கு முன்னாலேயே தீர்ந்துபோகிற எண் ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியின் டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று. தம்பி வண்டியில் அது 1,500 பவுண்டு. அவன் பார்த்து வைத்த டிரெய்லரின் உச்ச எடை (வெளியே லேபிளில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று போட்டிருக்கும்) 7,600. டிரெய்லரின் மூக்கு கொக்கியின் மேல் அழுத்துகிற எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 13 என்று வைத்தால் ஏறக்குறைய 990 பவுண்டு, அது முழுக்க உங்கள் வண்டி சுமக்கிற எடை. மிச்சம் 510. எடையைப் பரப்புகிற கொக்கி செட் ஒரு 100 பவுண்டு. மிச்சம் 410. புருஷன், பொண்டாட்டி, மூன்று பிள்ளைகள் என்று கூட்டினாலே 460 வந்துவிட்டது, இன்னும் ஒரு பை கூட வைக்கவில்லை. "அண்ணே, அப்ப நாங்க நடந்துதான் வரணுமா" என்றான்.

டிரெய்லருக்குள் எவ்வளவு ஏற்றலாம் என்பது வேறு கணக்கு. கதவுப் பக்கம் மஞ்சள் ஸ்டிக்கரில் அது இருக்கும், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 40 கேலன் தண்ணீர்த் தொட்டியை ரொப்பினாலே ஏறக்குறைய 330 பவுண்டு (150 கிலோ). நம் ஆட்கள் இதற்கு மேல் அரிசிப் பை, குக்கர் ரெண்டு, ஒரு வீட்டில் கிரைண்டரே ஏற்றினார்கள் என்று கேள்வி.

பின்பக்கம் பங்க் இருக்கிற டிரெய்லரில் இன்னொரு விவகாரம். பிள்ளைகளின் பை, பொம்மை, சைக்கிள் எல்லாம் தானாகவே பின்னால் போய்ச் சேரும், மூக்கு லேசாகும், நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். கனமான சாமானை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தரையோடு தரையாக வையுங்கள். ஏற்றி முடித்ததும் ஒரு தடவை எடை போடுங்கள். நாங்கள் மணலிப் பக்கம் வேபிரிட்ஜில் ஏற்றுவது மாதிரி, அங்கே லாரிகள் நிற்கிற டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்கிற எடைமேடை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போடலாம்.

சரி, பங்க்குக்கு வருவோம். கடையில் எல்லாரும் எட்டிப் பார்த்து "நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். படுத்துப் பாருங்கள், பிள்ளையையும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்லுங்கள். ஒருவர் படுக்கிற பங்க் பெரும்பாலும் 28 அங்குல அகலம்தான், ரயிலில் சைடு அப்பர் கிடைத்து முழங்காலை மடக்கிக்கொண்டு போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதுப் பையனுக்கு இன்று சரி, நாலு வருடம் கழித்து? தாங்கும் எடையும் எழுதியிருக்கும், ஒற்றை பங்க்கில் 150 பவுண்டு என்பதை நிறையப் பார்க்கலாம், "ரெண்டு பசங்களும் மேலேயே படுத்துக்கட்டும்" என்பதற்கு முன்னால் அதைப் படியுங்கள். ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் மேல் பங்க் வேண்டாம். தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் கூட வருகிற மெத்தை அப்பளம் மாதிரி இருக்கும், நீங்கள் தடியாக ஒன்று வாங்கிப் போட்டதும் கம்பி இருந்தும் இல்லாத கதைதான். ஒவ்வொரு பங்க்குக்கும் ஜன்னல், விளக்கு, சார்ஜ் போட ஒரு பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். ஏசிக் காற்று அந்த மூலை வரைக்கும் வருகிறதா என்று ஏசியை ஓடவிட்டுக் கையை வைத்தே பாருங்கள், டெக்சாஸ் ஆகஸ்ட் நம் கத்திரிக்கு இளைத்தது இல்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குகிற வீடாக இருந்தால், அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று இப்போதே பேசிவிடுங்கள். "பத்து பேர்" கணக்கில் சாப்பாட்டு மேஜையை இறக்கிச் செய்கிற கட்டிலும் சேர்த்தி. முட்டி வலிக்கிற அம்மாவை அதில் போட்டால் ராத்திரி இரண்டு முறை எழுந்து போவதற்குள் விடிந்துவிடும். பெரிய கட்டிலிலும் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால், உள்ளே படுத்தவர் வெளியே படுத்தவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் நடக்க இடம் விட்டதாகப் பாருங்கள்.

அப்புறம் தாளிப்பு. புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் மிளகாய் நெடி நேராக மேல் பங்க்கில்தான் போய் நிற்கும். பங்க் வைத்த நிறைய மாடல்களில் வெளிப்பக்கம் ஒரு சின்ன சமையல் மேடை உண்டு, எங்கள் தம்பி மனைவி அதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மின்சாரம் 30 ஆம்ப் என்றால் மொத்தமே 3,600 வாட், ஏசி ஓடும்போது இன்டக்ஷன் போட்டால் ட்ரிப் ஆகலாம்.

பக்கவாட்டில் வெளியே நீள்கிற அறைப் பகுதி (ஸ்லைடு அவுட்) இருந்தால், அதை உள்ளே இழுத்த நிலையிலும் பாத்ரூமுக்கும் பங்க்குக்கும் போக முடிகிறதா என்று கடையிலேயே மூடச் சொல்லிப் பாருங்கள். வழியில் நிறுத்தினால் பிள்ளை அவசரம் என்று நிற்கும்போதுதான் இது தெரியும்.

பழைய டிரெய்லர் என்றால் தண்ணீர் ஒழுக்குத்தான் எமன். தம்பி பார்க்கப் போன ஒன்றை வீடியோ காலில் காட்டினான், வெளியே பளபளவென்று இருந்தது. "கீழ் பங்க் மெத்தையைத் தூக்குடா, மூலையில் குதிகாலால் அழுத்து" என்றேன். பலகை ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. வெளியே நின்ற விற்பனையாள் அது ஈரப்பதம், காய்ந்துவிடும் என்றார். தம்பி அடுத்த வண்டிக்கு நகர்ந்தான்.

டயர் பூ நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதை விட நின்றே கெடும். பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணில் கடைசி நாலு இலக்கம் வாரமும் வருடமும், 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம். தம்பி கடைசியில் வாங்கிய வண்டி ஏழு பேர் படுக்கிற சின்னது, அதிலும் நாலு டயரையும் மாற்றிய பிறகுதான் சாவியை வாங்கினான்.