கர்ப்பகாலப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உண்டான செய்தியை மூன்று மாதம் வெளியில் சொல்லக் கூடாது என்னும் வழக்கம் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் இருக்கிறது. உறவினரிடம் சொல்லாதிருப்பதில் குற்றமில்லை. கிராம சுகாதார செவிலியரிடமும் மறைப்பதுதான் தவறு. 12 வாரங்களுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண் பெற வேண்டும். அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அந்த எண் தேவை என்பது உண்மையே. ஆனால் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் அந்தத் தொடக்க வாரங்களில் ஃபோலிக் அமில மாத்திரை கிடைப்பது பணத்தைவிடப் பெரிது.

நான்காம் மாதத்திலிருந்து தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையில்தான் வீடுகளில் அதிகப் பிழை நேர்கிறது. பிள்ளை பெருத்துவிடும், கறுத்துப் பிறக்கும் என்று பெரியவர்கள் தடுப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிட்டு, செவிலியர் கேட்கும்போது மட்டும் "சாப்பிடுகிறேன்" என்று சொல்லும் பெண்கள் உண்டு. கறுப்பாகப் போவது இயல்பு என்று மாத்திரையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் இந்தப் பொய்க்கு இடமிருக்காது. காபி, டீயோடு விழுங்கினால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையையும் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, இரவு உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றுடன் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடலாம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். உசிலம்பட்டிப் பேருந்து போய்விடும் என்று இடையில் கிளம்புவதும், குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்ததைச் சொல்லாமல் விடுவதும் முடிவையே பயனற்றதாக்கிவிடும்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போது சீர்வரிசை, வளையல் எல்லாம் மறக்காமல் வண்டியில் ஏறுகின்றன. தாய் சேய் நலப் புத்தகம் மாமியார் வீட்டுப் பீரோவிலேயே தங்கிவிடுகிறது. புதிய ஊரின் செவிலியருக்குப் பழைய ரத்த அழுத்தமும் தெரியாது, எடையும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்த எட்டுப் பரிசோதனைகளில் ஐந்து, 30-ஆம் வாரம் தொடங்கியே வருகின்றன என்பதால், இடம் மாறும் இந்த நேரத்தில் ஏற்படும் இடைவெளியே மிகவும் அஞ்சத்தக்கது. புறப்படும் முன் இரண்டு ஊர்ச் செவிலியருக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

கால் வீங்குவது இயல்புதானே என்று விடுவதும், கடும் தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போட்டுக் காத்திருப்பதும் கூடாது. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலும் பல பெண்களுக்கு உடம்பில் எதுவும் தெரியாது. முகவீக்கம், கண் மங்கல், மேல்வயிற்று வலி தோன்றும்போது வலிப்பு நெருங்கியிருக்கக்கூடும். கணவரோ மாமியாரோ வரட்டும் என்று பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தப்போக்கு, பனிக்குட நீர்க்கசிவு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், அடுத்த பரிசோதனை நாள்வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.